துண்டில்லாமல் போன தரகர்

"அம்மா, நான் தோத்துட்டேன்," என்றார் யாக்கோபு தரகர்.

சலோமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார்கிட்ட?"

"சொக்கையாகிட்ட."

"என்ன பந்தயம்?"

"பந்தயமில்லம்மா. சுவிசேஷம்."

சலோமியம்மா ஒரு கீரைத்தண்டை முறித்தார். டக்கென்று சத்தம் கேட்டது.

யாக்கோபு தரகரைத் தெரியாத மாடு அந்த மலையடிவாரத்தில் கிடையாது. தெரியாத மனிதர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவர் சந்தையில் நின்று தும்மினால் அடுத்த ஊர்ச் சந்தையில் மாட்டு விலை ஏறும். ஒருமுறை செத்துப்போன எருமை ஒன்றை, "நல்ல பொறுமைசாலி" என்று சொல்லி விற்றார். வாங்கியவன் அதை வீடுவரைக்கும் இழுத்துக்கொண்டு போய், "தரகர் சொன்னது சரிதான், இம்மென்று ஒரு சத்தம் இல்லை" என்று ஊரெல்லாம் மெச்சினான்.

சலோமியம்மா அவருக்கு நேர்மாறு. தரகருக்கு மகள் வயது இருக்கும். மலைக்குப் போகும் பஸ் திரும்புகிற இடத்தில் ஓலைக்கூரை போட்ட ஒரு ஜெபவீடு வைத்திருந்தார். யார் வந்தாலும் உட்காரலாம். கேட்டால் பதில் வரும், வராமலும் போகும். அவர் ஒரு வருஷம் பேசுகிற பேச்சை எல்லாம் ஒரு தூக்குச்சட்டியில் போட்டு மூடிவிடலாம். மேலே கொஞ்சம் ரசம் ஊற்றவும் இடமிருக்கும்.

யாக்கோபு பேரளவில்தான் கிறிஸ்தவர். ஞானஸ்நானத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போனார், கல்யாணத்துக்கு ஒருமுறை போனார். இரண்டுக்கும் அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

மனைவி தங்கபாய் இறந்த வருஷம் அவருக்கு என்னவோ நேர்ந்தது. என்ன நேர்ந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆள் தரையில் கால் பாவவில்லை. சலோமியம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். வசனம் படித்தார். படித்த ஈரம் காய்வதற்குள் ஊருக்கெல்லாம் சொல்லக் கிளம்பிவிட்டார்.

ஊர் கேட்கவில்லை. அதுகூட அவருக்குப் பெரிசில்லை.

சொக்கையா கேட்கவில்லை.

"எப்படி இருக்கார்?" என்று கேட்டார் சலோமியம்மா.

"நல்லா இல்லம்மா. மீசை முளைச்ச நாள்லேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சந்தைக்குப் போறோம். அவன் பெஞ்சாதி போனதிலேர்ந்து செவுத்தைப் பாத்து உக்காந்திருக்கான். கஞ்சி வச்சா ஈ குடிக்குது. இப்படியே விட்டா அவனையும் தூக்கிக்கிட்டுப் போகணும். எனக்குக் கிடைச்சது அவனுக்குக் கிடைச்சா எந்திரிச்சிருவாம்மா. கண்டிப்பா எந்திரிச்சிருவான்."

"போய் என்ன சொன்னீங்க?"

தரகர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். கூரைமேல் இருந்த காக்கைகள் வேறு ஊர் பார்த்துப் பறந்தன.

"கேளப்பா சொக்கையா! இப்படி ஒரு ரட்சகரை நீ நாலு சந்தை அலைஞ்சாலும் பாக்க முடியாது! ஒரு குறை சொல்ல முடியாது! நம்பி வந்தவன் எவனும் கெட்டதில்ல! கொண்டு போயி வீட்டுல கட்டினா…"

"கட்டினா?"

"வாய் தவறிருச்சும்மா."

சலோமியம்மா அடுத்த தண்டை எடுத்தார்.

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கம்முனு இருந்தான். எனக்குத் தெரியாதாம்மா? வாங்க வந்தவன் கம்முனு இருந்தா படியப் போறான்னு அர்த்தம். விடலாமா? சட்டுனு தோள்துண்டை உருவி அவன் கைமேல போட்டேன்."

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. தரகர் தன் கைமேலும் மற்றவர் கைமேலும் துண்டைப் போட்டு மூடுவார். உள்ளே விரல்கள் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு, துண்டுக்குள் அணில் புகுந்த மாதிரி துணி துள்ளுவதுதான் தெரியும். ஒருவர் மற்றவர் விரலைப் பிடித்துவிட்டால் மாடு கைமாறிவிடும். பெற்ற தாய் வந்து அழுதாலும் மாறியது மாறியதுதான்.

"போட்டு?"

"உள்ள அவன் கையைப் பிடிச்சேன். 'சம்மதம்னா ஒரு விரலைப் பிடி சொக்கையா, மத்ததை நான் பாத்துக்கிறேன்'னேன்."

சலோமியம்மா நிமிர்ந்தார்.

"பிடிச்சாரா?"

"கையை உருவிக்கிட்டாம்மா. உருவிக்கிட்டு ஒரு கேள்வி கேட்டான்." தரகர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "'ஒஞ் சாமிக்குப் பல்லு எத்தனை'ன்னு கேட்டான்."

சலோமியம்மா கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தார்.

"'பல்லைப் புடிச்சுப் பாத்தியா? சுழி சுத்தமா இருக்கா? முதுகு மயித்துல பாடைச்சுழி இருந்தா வீட்டுக்கு ஆகாதே, அதைப் பாத்தியா'ன்னு கேட்டான். 'எம் பொண்டாட்டி செத்த வீட்டுல வந்து யாவாரம் பண்றியேடா'ன்னான். 'இனிமே படியேறினேன்னா காலை ஒடிச்சு ஒன் மாடு செம்பிக்குத் தீனியாப் போட்டுருவேன்'னான்."

தரகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யானைக்கு வேர்த்த மாதிரி இருந்தது.

சலோமியம்மா எழுந்து கையைக் கழுவினார். தரகர் முன்னால் வந்து நின்றார்.

"வாயைத் திறங்க."

திறந்தார்.

சலோமியம்மா குனிந்து மேல்வரிசையைப் பார்த்தார். கீழ்வரிசையைப் பார்த்தார். அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"மூடுங்க."

"என்னம்மா பாத்தீங்க?"

"சொக்கையா பாத்ததை."

தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

சலோமியம்மா திரும்பவும் கீரையிடம் போய் உட்கார்ந்தார்.

"அந்தச் செம்பி எப்படி? நல்ல மாடா?"

"செம்பியா!"

தரகர் முகத்தில் யாரோ சுவிட்சைப் போட்டார்கள்.

"அம்மா, அது மாடில்லம்மா! தங்கபாய் வளத்தது. ஒத்தக் கொம்பு. இன்னொண்ணு எங்கேன்னு கேளுங்க. லாரியில முட்டி ஒடிச்சுக்கிச்சு. செம்பி மறுநாளே மேய்ச்சலுக்குப் போயிருச்சு. லாரி இன்னும் எந்திரிக்கல!"

"பால்?"

"பாலா! உக்காந்தா எத்தும். தங்கபாய்க்கு மட்டும்தான் நிக்கும். அவ போனப்புறம் மடி கட்டிக்கிட்டுக் கதறுது. என்ன செய்ய? அவ சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டேன். முக்காடு போட்டுக்கிட்டேன். அவ மாதிரியே 'வாடி என் செல்லம்'னு குரலை மாத்திக்கிட்டுப் போயி உக்காந்தேன். செம்பி திரும்பிச்சு. சேலையைப் பாத்துச்சு. என் மீசையைப் பாத்துச்சு. சிரிச்சுச்சும்மா! சத்தியமாச் சிரிச்சுச்சு! சிரிச்சிட்டு எத்துச்சு!"

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"போன மழையில ஆத்துல என்னை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. பின்னாலேயே குதிச்சுச்சு. வாலைப் பிடிச்சேன். கரையேத்திருச்சு. ஆசையில கழுத்தைக் கட்டிக்கிட்டேன். எத்துச்சு. மறுபடி ஆத்துக்குள்ள போனேன். மறுபடி குதிச்சுச்சு. மறுபடி வாலு. அன்னிக்கு என்னைக் கரையேத்தினதும் அதுதான், தள்ளிவிட்டதும் அதுதான். பொழுது சாயுற மட்டும் இதே வேலை!"

மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டார். கண்டக்டர் இறங்கியே வந்துவிட்டார்.

"முதுகுல பாடைச்சுழி இருக்கும்மா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஊரே சொல்லுச்சு, அந்தச் சுழிதான் தங்கபாயைக் கொண்டுபோச்சுன்னு. நானும் ஒருநாள் கயித்தை அவுத்து அடிச்சுத் தொரத்திட்டேன். தங்கபாயைப் புதைச்ச எடத்துல போயி படுத்துக்கிச்சு. தூக்கிட்டு வரமுடியல. நானும் அங்கனயே படுத்துக்கிட்டேன். காலையில முழிச்சுப் பாத்தா எம்மேல தலையை வச்சுத் தூங்குது. ஒரு மலை படுத்த மாதிரி இருந்துச்சு. மூச்சு விட முடியல. எழுப்ப மனசு வரல."

கண்டக்டர் விசில் கயிற்றால் கண்ணைத் துடைத்தார்.

தரகர் இன்னும் சொன்னார். கொம்பைச் சொன்னார், வாலைச் சொன்னார், அது பஞ்சாயத்துத் தலைவர் மாலையைத் தின்றதைச் சொன்னார். மாலை கழுத்தில் இருந்தபோதே தின்றதைச் சொன்னார். கீரை வெந்து இறங்கியது.

"என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேட்டார் சலோமியம்மா.

"எதை?"

"செம்பியை."

"நல்லாக் கேட்டீங்க! அதை எவனாவது விப்பானா?"

"விக்கிறதில்லேன்னா எதுக்கு இவ்வளவு நேரம் சொன்னீங்க?"

தரகர் வாயைத் திறந்தார்.

வாய் திறந்தபடியே இருந்தது. ஒன்றும் வரவில்லை. இந்த அதிசயத்தைப் பார்த்த டிரைவர் பயந்துபோய் இன்ஜினைக் கிளப்பினார்.

பஸ் போன புழுதி அடங்கிய பிறகும் வாய் மூடவில்லை.

சலோமியம்மா எட்டி, அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். கொண்டுபோய்த் துணிக்கொடியில், தன் ஈரச்சேலைக்குப் பக்கத்தில் போட்டார்.

"நாளைக்குப் போயி சொக்கையாவைப் பாத்துட்டு வாங்க."

"துண்டில்லாமயா? அம்மா! தரகன் தோள்ல துண்டில்லேன்னா ஊரு என்ன நினைக்கும்?"

சலோமியம்மா கொடியில் கிடந்த துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"காலை ஒடிப்பேன்னு சொல்லியிருக்காம்மா."

"ரெண்டு இருக்குல்ல."

"போயி என்ன சொல்றது?"

சலோமியம்மா கீரை கடைய ஆரம்பித்தார்.

மறுநாள் உச்சிவெயிலில் தரகர் போனார். துண்டில்லாத அவரை ஊருக்கு அடையாளம் தெரியவில்லை. சொந்தத் தங்கச்சி மகன் சைக்கிளை நிறுத்தி, "பெரியவரே, எந்த ஊரு?" என்று கேட்டான். அவர் சோறுபோட்டு வளர்த்த நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. குரைத்துவிட்டு, அவர் அதட்டிய குரலைக் கேட்டு வெட்கப்பட்டு, வேலிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

சொக்கையா வீட்டுக் கதவு சாத்தவில்லை. உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் வேட்டியும்தான் மிச்சம். பக்கத்தில் கஞ்சி ஆறிக் கிடந்தது.

தரகர் படியில் கால் வைத்தார்.

"எந்தக் காலை முதல்ல ஒடிக்க?" என்றார் சொக்கையா, திரும்பாமல்.

"வலதை ஒடி. இடதை நேத்துத்தான் செம்பி எத்துச்சு."

சொக்கையா எழுந்திருக்கவில்லை. ஒடிக்கவும் இல்லை. தரகர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தானும் சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஒரு விரிசல் இருந்தது. விரிசலில் ஒரு பல்லி இருந்தது. அது மேலே ஏறிப் போயிற்று. அங்கே குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, பிள்ளைகளோடு கீழே இறங்கியும் வந்தது. அதுவரைக்கும் தரகர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சொக்கையாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைக்கண்ணால் பார்த்தார்.

"துண்டு எங்கடா?"

"பிடுங்கிட்டாங்க."

"யாரு?"

"சலோமியம்மா."

"எதுக்கு?"

"தெரியல."

"தெரியாமலேயே குடுத்துட்டு வந்துட்டியா? நீயா?"

"கையை எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல சொக்கா."

சொக்கையா அந்தக் கைகளைப் பார்த்தார். இரண்டும் முழங்கால்மேல் மல்லாந்து கிடந்தன. எத்தனையோ வருஷமாகத் துண்டுக்கடியிலேயே பிடித்த கைகள். வெளிச்சத்தில் இப்போதுதான் பார்க்கிறார்.

"ஏண்டா," என்றார் சொக்கையா மெதுவாக. "ஊருக்கெல்லாம் வசனம் சொல்றே. தங்கபாய் போனப்ப நீ என்ன பண்ணினே? அதை ஒருநாளும் சொன்னதில்லையே."

தரகர் தொண்டையைச் செருமினார். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

"திட்டினேன்."

"யாரை?"

"சாமியை."

சொக்கையாவின் கழுத்து ஒரு விரற்கடை திரும்பியது.

"ஒஞ் சாமியையா?"

"பின்னே? அடுத்தவன் சாமியைத் திட்ட எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"என்னன்னு திட்டினே?"

"பட்டப்பகல்ல மாட்டுக் கொட்டகையில நின்னுக்கிட்டுக் கத்தினேன். 'நீயெல்லாம் ஒரு தரகனாய்யா'ன்னேன். 'நல்ல உசுருன்னு காட்டிக் கையில குடுத்தியே, உள்ள நோவு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா? என்னைவிடப் பெரிய ஏமாத்துக்காரன்யா நீ'ன்னேன்."

சொக்கையாவின் உதடு துடித்தது. அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"நானும் திட்டினேன்டா."

"யாரை?"

"முருகனை. வேற யாரை?"

"என்னன்னு?"

"'ஒனக்கு ரெண்டு பேரு இருக்காங்க. எனக்கு இருந்தது ஒருத்தி. இதுகூடவா பொறுக்கல'ன்னேன்."

தரகர் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். முடியவில்லை. சொக்கையாவுக்கும் முடியவில்லை. இரண்டு கிழவர்களும் சிரித்த சிரிப்பில் பல்லிக் குடும்பம் பொத்தென்று கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

சொக்கையா மூக்கைச் சிந்தினார்.

"எனக்குப் பதிலே வரலடா. அதான் இந்தச் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒனக்கு?"

தரகர் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"திட்டித் திட்டித் தொண்டை கிழிஞ்சிருச்சு. செம்பி அசைபோடுறதை நிறுத்திட்டு என்னையே பாக்குது. குரல் வரல. முட்டி போட்டேன்னு நினைக்காதே. நான் போடல. காலு நிக்கல. சாணியிலயே விழுந்துட்டேன். மூஞ்சியெல்லாம் சாணி. எந்திரிக்கத் தோணல. இங்கனயே கிடந்து செத்துருவோம்னு கிடந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கினா…"

நின்றுவிட்டார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த இடத்தை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சலோமியம்மாவிடம்கூட.

சொக்கையா திரும்பினார். கழுத்து மட்டுமில்லை, முழு ஆளும். சுவருக்கு முதுகைக் காட்டி, சம்மணம் போட்டு, தரகருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"தூக்கினா?"

தரகர் அவரைப் பார்த்தார்.

சொக்கையா எட்டி அவர் கையைப் பிடித்தார். மேலே எந்தத் துணியும் இல்லாமல், பட்டப்பகல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"தூக்கினா என்னடா? சொல்லு! சொல்லித் தொலை!"

யாக்கோபு தரகருக்கு நெஞ்சுக்குள் என்னவோ வெடித்தது. ஆயுசு முழுக்க அவர்தான் சொல்லிச் சொல்லித் தலையில் கட்டியிருக்கிறார். அவரிடம் கையைப் பிடித்து ஒருவன் கேட்டது இதுதான் முதல் தடவை.

துள்ளி எழுந்தார்.

"இரு! இரு சொக்கா! இந்தா வந்துட்டேன்!"

ஓடினார்.

ஓட்டமா அது? வழியில் நின்ற மாடுகள் ஒதுங்கின. மலைக்குப் போகும் பஸ்ஸைத் தாண்டினார். டிரைவர் ஹாரன் அடித்தார். ஆற்றைத் தாண்டினார். ஆற்றில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை, கால் நனையவும் இல்லை. "கேட்டுட்டான்! கேட்டுட்டான்!" என்று அவர் போட்ட கூச்சலில், தென்னைமரங்கள் தேங்காயை முற்றுவதற்கு முன்பே உதிர்த்தன.

ஜெபவீட்டு வாசலில் வந்து விழுந்தார்.

"அம்மா! கேட்டுட்டாம்மா! சொக்கையா கேட்டுட்டான்!"

சலோமியம்மா வெளியே வந்தார்.

"என்ன கேட்டார்?"

"தூக்கினா என்னடான்னு! என் கையைப் பிடிச்சுக்கிட்டு! செவுத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்து கேட்டாம்மா! சொல்லித் தொலைடான்னு கேட்டான்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா?"

தரகர் மூச்சு வாங்கினார். முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"சொல்லலம்மா. அவன் கேட்ட சந்தோசத்துல, முதல்ல ஒங்ககிட்ட சொல்லணும்னு…"

சலோமியம்மா அடுப்படிக்குப் போனார். எரிந்துகொண்டிருந்த விறகுக்கட்டையை உருவிக்கொண்டு வந்தார்.

"ஓடுய்யா!"